ஒரு கையளவு கழுவாமல் விட்ட பாய்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் கார்த்திக் சென்னைக்காரர். கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. போன கோடையில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய பாய்ப்படகு வாங்கியிருக்கிறார். ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நான் வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"ஆன்ட்டி, நீங்க படகுப் பாய் வெக்கிற இடத்துல வேலை பார்த்தீங்கன்னு அங்கிள் சொன்னாரு. வின்ட்டருக்குப் பாயை நாங்க கராஜ்லயே வெச்சிடலாமா? பையில போட்டுக் கட்டிட்டா போதும்ல?"

"கராஜுக்குள்ள எலி வாறதோ?"

"வரும்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப அங்க வைக்காதேங்கோ. வீட்டு நிலக்கீழ் அறையில, சூடு அடிக்கிற இடத்துக்குத் தள்ளி வையுங்கோ. வைக்க முதல் கழுவ வேணும். கழுவினாப் பிறகு நல்லாக் காய வேணும். காஞ்சிட்டுது எண்டு நீங்க நினைச்ச பிறகும் இன்னொரு நாள் காய விடுங்கோ."

அவர் தலையாட்டிக் கேட்டார். போகும்போது, "இதையெல்லாம் நீங்க எழுதி வெக்கலாமே ஆன்ட்டி" என்றார். ஏதோ மரியாதைக்குச் சொன்னதுதான். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்து, முழங்காலுக்குச் சுடுதண்ணீர்ப் பையை வைத்துக்கொண்டு இருந்தேன். எழுதினால் எதை எழுதுவது என்று யோசித்தேன். கழுவுவதும் காயவைப்பதும் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம். நான் அதைச் செய்து ஒரு வாழ்க்கையைக் கழித்திருக்கிறேன்.

நான் வேலை செய்த இடம் இப்போது குளிர்காலத்துக்குப் பாய்களை வாங்கி வைப்பதில்லை. புதிய முதலாளிகள் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றி வேறெங்கோ பெரிய இயந்திரங்கள் உள்ள இடத்துக்கு அனுப்புகிறார்களாம். அதைக் கேட்டு யாரோ என்னிடம் துக்கம் விசாரிப்பதுபோலக் கதைத்தார். எனக்குத் துக்கம் ஒன்றும் இல்லை. இனி எந்தப் பெண்ணும் அங்குள்ள மரத்தரையில் முழங்காலில் தவழ வேண்டியதில்லை.

மொன்றியலுக்கு வந்த புதிதில் நாங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்தோம். நான் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் ஜாக்கெட்டுகளுக்குக் கை பொருத்தினேன். அது மூடியபோது, என்னோடு தைத்த போர்த்துக்கீசப் பெண் ஒருத்தி, மொன்றியல் தீவின் மேற்கே ஏரிக்கரைக்குப் பக்கத்தில் படகுப் பாய் தைக்கிற கூடம் ஒன்று இருக்கிறது, கனத்த துணி தைக்கத் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள் என்றாள். மெத்ரோ ரயிலும் இரண்டு பஸ்ஸும் பிடித்துப் போனேன். கதவைத் திறந்த பெண் என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை. என் காலை மட்டும் பார்த்தார்.

"சப்பாத்தைக் கழற்றுங்கோ," என்றார். அவர் சொன்னது பிரெஞ்சில். அவர் பேச்சை எல்லாம் இங்கே என் பேச்சில்தான் எழுத முடியும்.

அவர்தான் ஜினெத். கூடத்தின் சொந்தக்காரி. பளபளவென்ற மரத்தரை, ஒரு கல்யாண மண்டபத்தின் அகலம். அதன்மேல் பாயை விரித்துத்தான் வெட்டுவதும் தைப்பதும் கழுவுவதும். அதனால் யாருக்கும் சப்பாத்து இல்லை, வாடிக்கையாளருக்கும் இல்லை. எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. எங்கள் வீடுகளிலும் அப்படித்தானே. தையல் மெஷின்கள் தரையில் வெட்டிய குழிகளுக்குள் இருந்தன. நாம் குழிக்குள் கால் போட்டு இருந்து, தரை மட்டத்தில் துணியைத் தள்ளித் தைக்க வேண்டும். முதல் இரண்டு வருடம் நான் தைத்தேன். பிறகு ஜினெத் என்னைக் குளிர்காலப் பக்கத்துக்கு மாற்றினார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

"உன்ர வேலை என்ன எண்டு ஊரில கேட்டா என்ன சொல்லுறது?" என்று என் கணவர் கேட்பார். "பாய் சுருட்டி வைக்கிறா எண்டு சொன்னா, மனிசி விடிய எழும்பிப் படுத்த பாயைச் சுருட்டுறதைப் பெரிசாச் சொல்லுறான் எண்டு சிரிப்பாங்கள்."

குளிர்கால வேலை செப்டம்பர் கடைசியில் தொடங்கும். படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்குவதற்கு முன் ஆட்கள் பாய்களைக் கழற்றிக் கொண்டுவருவார்கள். காரின் பின்பக்கத்திலிருந்து பைகள் இறங்கும். ஒவ்வொரு பைக்குள்ளும் அந்தக் கோடைகாலம் இருக்கும்: சிலந்தி, நுளம்பு, மகரந்தப் பொடி, பறவை எச்சம், சிலவேளை பிள்ளைகள் சிந்திய ஐஸ்கிரீம். முதலில் பாய்க்குள் செருகியிருக்கும் மெல்லிய தட்டைக் கம்புகளை உருவ வேண்டும். பிறகு தரையில் விரித்து, தையல் தையலாகத் தடவிப் பார்க்க வேண்டும். வெயில் முதலில் நூலைத்தான் தின்னும், துணியைப் பிறகுதான். நகத்தால் சுரண்டினால் உதிர்ந்து வருகிற நூலை அடையாளம் போட்டுத் தைப்பவர்களிடம் கொடுப்போம். அதன்பிறகு கழுவல். இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், மென்மையான தூரிகை. அழுத்தித் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் துணியின் மேலுள்ள பூச்சுப் போய்விடும், அது போன துணி காற்றைப் பிடிக்காது. முழங்காலில் இருந்து ஒரு கரையிலிருந்து மறு கரைவரை போய், பிறகு பாயைத் திருப்பிப் போட்டு, மறுபடி அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைவரை. பெரிய பாய் என்றால் ஒரு காலைப்பொழுது முழுவதும் அதற்கே போகும்.

காயவைப்பதுதான் கடினம். மேலே கப்பிகளில் தூக்கித் தொங்கவிட்டு, கீழே விசிறிகளைச் சுழலவிடுவோம். பாயின் மூலைகளில் துணியைப் பல அடுக்காக வைத்துத் தைத்திருப்பார்கள், இழுவை முழுவதும் அங்கேதான் விழும் என்பதால். பாய் முழுவதும் காய்ந்து சரசரத்தாலும் அந்த மூலைக்குள் ஈரம் ஒளிந்திருக்கும். ஜினெத் வந்து ஒவ்வொரு மூலையாகப் பிடித்துத் தன் கன்னத்தில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். கைக்குக் குளிர் தெரியாது, கன்னத்துக்குத் தெரியும் என்பார். சரியென்றால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மூலைக்குப் போவார். சரியில்லையென்றால் "ஆங்கோர்" என்று ஒரு சொல். இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாங்கள் எல்லோரும் கத்தாத அந்தச் சொல்லுக்குப் பயந்தோம். மற்றவர்களை "நீ" என்றவர், என்னை மட்டும் கடைசி நாள்வரை "நீங்கள்" என்றார். முதலில் என்னைத் தள்ளி வைக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பழகிவிட்டது.

காய்ந்த பாயைத் தளர்வாகச் சுருட்டி, பெயர்த்துண்டு கட்டி, பின்னாலிருந்த குளிரான அறையில் தட்டுகளில் வைப்போம். ஏப்ரல்வரை அது அங்கே தூங்கும். நடுவில் மாதம் ஒருமுறை நாங்கள் ஒவ்வொன்றாகத் தொட்டு, முகர்ந்து பார்ப்போம்.

கழுவாத பாய், காயாத பாய் எதுவும் அந்த அறைக்குள் போகக் கூடாது என்ற சட்டத்தை ஜினெத் எவருக்கும் தளர்த்தவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. நான் குளிர்காலப் பக்கத்துக்கு வந்த புதிதில், ஒரு நவம்பரில் வேலை குவிந்து கிடந்தபோது, அவர் தானே ஒரு பாயை அவசரத்தில் உள்ளே விட்டுவிட்டார். நல்ல வாடிக்கையாளர், வீட்டிலேயே கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தேன் என்றார், ஜினெத் நம்பிவிட்டார். பெப்ரவரியில் அந்தத் தட்டைத் தொட்டபோது பூஞ்சண மணம் அடித்தது. அதன் மேலும் கீழும் பக்கத்திலும் இருந்த பாய்களிலெல்லாம் கறுப்புப் புள்ளிகள். ஒன்று, புதிதாகக் கல்யாணம் செய்த சோடி ஒன்று அந்த வருடம்தான் தைப்பித்த பாய். வெள்ளையில் மிளகு தூவியதுபோல இருந்தது.

ஜினெத் தொலைபேசியில் சொல்லவில்லை. பாய்களைத் தன் வான் வண்டியில் ஏற்றி, தூக்குவதற்கு என்னையும் கூட்டிக்கொண்டு, பனிக்குள் வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், வரவேற்பறையில் பாயை விரித்துக் காட்டி, "இது என்ர கூடத்தில நடந்தது. நான்தான் விட்டனான்" என்றார். அந்தப் புதுச் சோடியில் பெண் அழுதுவிட்டாள். பையன் சத்தம் போட்டான். ஜினெத் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார். திரும்பி வரும் வழியில் வானை ஓரமாக நிறுத்தி, கையுறையைக் கழற்றி, முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தார். "இனி ஒருத்தருக்கும் இல்லை," என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தின்மேல்தான் மதாம் சொலாஞ்சின் பாய் வந்து விழுந்தது.

மதாம் சொலாஞ்சும் அவருடைய கணவர் மிசியு மார்செலும் பல வருடமாக எங்களிடம் வருபவர்கள். இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவர்களுடைய படகு சின்னது, பழையது. மார்செல் எப்போதும் எதையாவது திருத்திக்கொண்டிருக்கிற ஆள். கையில் கறுப்பு இல்லாமல் நான் அவரைக் கண்டதில்லை. பாயை இறக்கும்போது, "அவரைத் தொட விடாதேங்கோ, பிறகு நீங்கள்தான் கஷ்டப்படுவியள்" என்று மதாம் சொலாஞ் சிரிப்பார். அவர் கையை உயர்த்திக் காட்டி, பிடிபட்ட கள்ளன்போல நிற்பார்.

ஒரு செப்டம்பரில் மார்செல் தனியாக ஏரிக்குப் போனார். பின்னேரம் காற்று திரும்பியது. அடுத்த நாள் படகு நாணலுக்குள் ஒதுங்கிக் கிடந்தது, பாய் ஏற்றியபடியே. அவர் படகில் இல்லை. பொலீஸ் படகுகள் தேடின, ஹெலிகொப்டர் தேடியது. கொஞ்ச நாளில் தேடுவதை நிறுத்தினார்கள்.

ஒக்டோபர் நடுவில் மதாம் சொலாஞ் தனியாக, ஒரு டாக்ஸியில், பாயோடு வந்தார். சாரதி பையைத் தூக்கி வாசலில் வைத்தான். அதற்குள்ளிருந்து சேறும் நீர்ப்பாசியும் மணத்தன. இறக்கியவர்கள் ஈரத்தோடு திணித்திருக்கிறார்கள். அவர் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காகச் சுவரோரம் வைத்தார். நானும் ஜினெத்தும் பாயை விரித்தோம். கீழ்க்கரைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கைத்தடம் இருந்தது. கிரீஸ் கறுப்பு. நாலு விரலும் உள்ளங்கையின் ஓரமும் தெளிவாகத் தெரிந்தன.

மதாம் சொலாஞ் குனிந்து தன் கையை அதன் பக்கத்தில் வைத்தார், அதன்மேல் படாமல்.

"அண்டைக்கு விடியக்காலமை மோட்டருக்குக் கிரீஸ் போட்டவர்," என்றார். "இதை ஒவ்வொரு வருசமும்போல வைச்சுத் தாங்கோ. ஆனால் கழுவக் கூடாது."

ஜினெத் நெடுநேரம் பாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கழுவாமல் என்னால வைக்கேலாது, மதாம்."

"இந்த ஒருக்கால்."

"அந்த அறையில நூற்றுக்கணக்கான ஆக்களின்ர பாய் இருக்குது."

"எனக்கு வேற இடம் இல்லை," என்றார் மதாம் சொலாஞ். அவருக்கு நகரின் அஹுன்ட்சிக் பகுதியில், மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. மகன் வந்து, இதை எறிந்துவிடுவோம் அம்மா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். "அவன் நல்ல பிள்ளை. என்னை இப்பிடிப் பாக்கேலாமல்தான் சொல்லுறான்."

ஜினெத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மதாம் சொலாஞ் சுவரோர வாங்கில் இருந்தார். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவரே கதைத்தார்.

"மார்செலுக்குத் தேத்தண்ணி பிடிக்காது. கோப்பிதான் குடிப்பார். விடிய எழும்பினவுடன தனக்குத் தானே போடுவார், எனக்குப் போடமாட்டார்," என்றார். "குளிர் தொடங்கினா அவருக்கு இடது தோள் நோகும்."

எனக்கு அந்தப் பேச்சு பழக்கமானது. குடிப்பார், நோகும். என் தம்பி சுதன் போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனவன். அவனைக் கடைசியாகக் கண்டதாகச் சொன்னவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடம் சொன்னார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எவரும் அவனைப் பற்றி இறந்தகாலத்தில் கதைத்ததில்லை. சுதனுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. சுதன் என்னைவிட உயரம். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கும்போதெல்லாம் நானும் வலு கவனமாக இருப்பேன், வாய் தவறிவிடக் கூடாதென்று.

மதாம் சொலாஞ்சிடம் இதைச் சொல்லவில்லை. எழுந்து போய் ஜினெத்தின் கதவைத் தட்டினேன். அவர் மேசையில் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"முழுப் பாயையும் கழுவுவம்," என்றேன். "கை பட்ட இடத்தை மட்டும் விடுவம். பூஞ்சணம் ஈரத்திலயும் ஊத்தையிலயும்தானே வாறது. அது கிரீஸ். மற்றப் பாயளுக்கு ஒண்டும் வராது."

"அந்த இடத்துத் துணி பழுதாகும். ஏப்ரலுக்குப் பிறகு கறை போகாது."

"அது அவவின்ர பாய், மதாம்."

ஜினெத் என்னைப் பார்த்தார். நான் அந்த வேலையில் இருந்த காலமெல்லாம் அவரிடம் எதையும் மறுத்துச் சொன்னது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

"அது அண்டைக்குப் பட்ட கை எண்டு நிச்சயம் இல்லை," என்றார் மெதுவாக. "ஜூலையில பட்டதாயும் இருக்கலாம்."

"ஓம்."

"அதை நாங்கள் அவவுக்குச் சொல்லத் தேவையில்லை."

"இல்லை."

அவர் எழுந்து வெளியே போய் மதாம் சொலாஞ்சிடம் விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு, "ரஞ்சினிதான் கழுவுவா" என்றார். என்னைக் கேட்காமலே.

அந்தப் பாயைக் கழுவ எனக்கு இரண்டு நாள் பிடித்தது. சேற்றை முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். பாசி காய்ந்து தையலுக்குள் புகுந்திருந்தது, அதை விரலால் எடுக்க வேண்டியிருந்தது. கைத்தடத்தைச் சுற்றிக் கழுவுவதுதான் பெரிய பாடு. தண்ணீர் ஒரு பக்கம் சரிந்தாலும் கிரீஸ் பரவிவிடும். துவாயைச் சுருட்டி அதைச் சுற்றி வரம்புபோல வைத்தேன். தூரிகையை விட்டுவிட்டு ஸ்பொஞ்சால், பிழிந்து பிழிந்து, ஒரு விரல்கடை அகலமாக முன்னேறினேன். இரண்டாம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது. மற்றப் பெண்கள் தங்கள் வேலைக்குப் போகும்போது சுற்றிக்கொண்டு போனார்கள்.

காய்ந்த பிறகு ஜினெத் வந்து மூலைகளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "ஆங்கோர்," என்றார். இன்னொரு நாள் காயவிட்டோம். பிறகு நான் வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய பருத்திப் படுக்கை விரிப்பைக் கிழித்து, கைத்தடத்தின் மேலும் அடியிலும் வைத்து, அந்த இடத்தில் மடிப்பு விழாதபடி பாயைச் சுருட்டினேன். குளிரறையில் மற்றவற்றிலிருந்து தள்ளி, தனித் தட்டில் வைத்தோம். அந்தத் தட்டைச் செய்வித்தது ஜினெத். தச்சன் வந்து போனது எனக்கு அடுத்த நாள்தான் தெரியும்.

குளிர்காலம் முழுவதும் மதாம் சொலாஞ் எங்களைக் கூப்பிடவில்லை. ஜனவரியில் ஒருநாள் மட்டும் வந்தார். பஸ்ஸில் வந்திருக்க வேண்டும், தொப்பி முழுவதும் பனி. பாயை விரிக்கச் சொல்லவில்லை. சுருட்டியபடி இருந்ததைக் கையால் தடவிவிட்டு, "எலி இல்லைத்தானே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "மெர்சி" என்று சொல்லிவிட்டு, குளிரறைக்குள் மேலங்கியோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அந்த வருடம் ஏரியில் பனிக்கட்டி உடையப் பிந்திவிட்டது. ஏப்ரல் கடைசியில்தான் தண்ணீர் தெரிந்தது. அதற்குச் சில நாள் கழித்து, கரையோரம் நாயோடு நடந்த ஒருவர் மிசியு மார்செலைக் கண்டார். உறவினருக்குச் சொல்வதற்கு முன்பே மதாம் சொலாஞ் கூடத்துக்குத் தொலைபேசியில் அறிவித்ததாக ஜினெத் பிறகு என்னிடம் சொன்னார்.

நாங்கள் இருவரும் தேவாலயத்துக்குப் போனோம். ஜினெத் தன் வானில் என்னை இந்த ரொக்ஸ்பரோ வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் அப்போது இங்கே வீடு வாங்கி வந்துவிட்டிருந்தோம். மதாம் சொலாஞ்சின் மகன் எங்கள் கையைப் பிடித்து, நாங்கள் யார் என்று தெரியாமலே நன்றி சொன்னான். பெட்டி மூடியிருந்தது. அதன்மேல் பூவும், கூட்டமாக எடுத்த ஒரு பள்ளிக்கூடப் படமும்.

மே மாதத்தில் மதாம் சொலாஞ் கூடத்துக்கு வந்தார். நல்ல வெயில் நாள். பாயை விரித்தோம். பருத்தித் துணியை எடுத்தேன். கைத்தடம் அப்படியே இருந்தது, ஓரம் மட்டும் கொஞ்சம் மஞ்சளித்திருந்தது. அவர் இந்தத் தடவை கையை அதன்மேலேயே வைத்தார்.

"கழுவுங்கோ," என்றார். "நானும் கழுவலாமோ?"

ஜினெத் கிரீஸ் எடுக்கிற திரவத்தையும் பழந்துணிகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் முழங்காலில் இருந்தார். அந்தத் தரையில் அவர் முழங்காலில் இருந்து நான் அதிகம் கண்டதில்லை, அவருக்கு அப்போதே வயதாகிவிட்டிருந்தது. மூன்று பேரும் மாறி மாறி ஒற்றினோம். முதலில் விரல்கள் போயின. உள்ளங்கையின் ஓரம் போகவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு நிழலாக நின்றது. ஜினெத் இன்னும் கொஞ்சம் திரவத்தைத் துணியில் ஊற்றினார்.

"காணும்," என்றார் மதாம் சொலாஞ். பிறகு, "மார்செலுக்குப் பாய் கழுவுறது கண்ணில காட்டக் கூடாது. ஒவ்வொரு வருசமும் என்னோட சண்டை பிடிச்சவர்" என்றார்.

பிடித்தவர். அவர் சொன்னது எனக்குச் சட்டென்று கேட்டது. பிரெஞ்சில் அது சொல்லின் கடைசியில் ஒரு சின்னச் சத்த மாற்றம்தான். அவர் அழவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி, "இந்த வேலையை நீங்கள் எப்பிடித்தான் ஒவ்வொரு நாளும் செய்யிறியள்?" என்று என்னைக் கேட்டார்.

அந்தப் பாயை அவர் படகோடு சேர்த்து, அவர்களிடம் படித்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெண்தான் அதை ஒக்டோபரில் கொண்டுவருவாள். நிழலைக் கண்டு, "இந்தக் கறையை எடுக்கேலாதோ?" என்று முதல் வருடம் கேட்டாள். ஏலாது என்று ஜினெத் சொன்னார்.

அந்த மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அம்மாவோடு கதைத்தேன். வழக்கமான கதைகள் முடிந்த பிறகும் தொலைபேசியை வைக்காமல் இருந்தேன்.

"என்ன, ஏதோ யோசிக்கிறாய்," என்றார் அம்மா.

"அம்மா, சுதன்ர பேரில ஏதாவது செய்வமோ? ஐயரைக் கேட்டு, ஒரு நாள் பாத்து."

"நீ அங்க ஆரின்ரயோ செத்தவீட்டுக்குப் போட்டு வந்து கதைக்கிறாய்."

நான் முன்பே மதாம் சொலாஞ்சைப் பற்றி அவருக்குச் சொல்லியிருந்தேன். "ஓம்," என்றேன். "அந்த மனிசிக்கு அதுக்குப் பிறகு ஒரு ஆறுதல் வந்தது, அம்மா. நான் கண்ணால கண்டனான்."

"அவவுக்கு மனிசனைக் காட்டினவை," என்றார் அம்மா. "எனக்கு ஆர் காட்டினது?"

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் செய்யமாட்டன். நீயும் அங்க ஒண்டும் செய்யாதை."

"சரி அம்மா."

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். மே மாதத்தில் எல்லோருக்கும் தங்கள் பாய் அன்றைக்கே வேண்டும். நாள் முழுவதும் தூக்கி, விரித்து, கம்பு செருகி, மடித்துக் கொடுத்தோம். மத்தியானம் சாப்பிடும்போது ஜினெத் என் முகத்தைப் பார்த்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டார். சுகம் என்றேன். அதற்குப் பிறகும் நான் அங்கே பல குளிர்காலம் வேலை செய்தேன். வேறு எத்தனையோ பாய்கள். அவற்றில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

அம்மா போன வருடம் காலமானார். நித்திரையிலேயே போய்விட்டார். மரண அறிவித்தல் எழுதுவதற்காகச் சித்தப்பாவின் மகன் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டான். எங்கள் ஆட்களின் அறிவித்தல் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. பிள்ளைகளின் பெயரை வரிசையாகப் போட்டு, பக்கத்தில் அவர்கள் இருக்கிற நாட்டைப் போடுவார்கள். உயிரோடு இல்லாதவர்களின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று வரும்.

"அக்கா, உங்கட பேருக்குக் கனடா எண்டு போட்டிட்டன்," என்றான். "சுதன் அண்ணைக்கு என்ன போடுறது? காலஞ்சென்ற எண்டு போடுறதோ?"

"வேண்டாம்."

"அப்ப எந்த நாடு எண்டு போட?"

நான் யோசித்தேன். சமையலறையில் கணவர் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"பேரை மட்டும் போடு," என்றேன்.